ஆவணத்தின் மௌனமும் வரலாற்றாசிரியரின் பொறுப்பும்: வால்டர் ரோட்னியின் வாழ்வும் ஆய்வுப் பணியும் (1942–1980)

ஆய்வுச் சுருக்கம்

ஆப்பிரிக்க அரசியலையும் காலனிய வரலாற்றையும் ஆராய்ந்த அறிஞர்களுள் கயானா நாட்டினரான வால்டர் ரோட்னி தனியிடம் பெற்றவர். அவர் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது 1972இல் வெளிவந்த, ஆப்பிரிக்காவின் பின்தங்கல் குறித்த நூலே. அந்த ஒரு நூலைக் கொண்டே அவரை மதிப்பிடும் வழக்கம் நிலைத்துவிட்டது. மேல் கினியாக் கடற்கரை பற்றிய முதல் நூல், ஆப்பிரிக்கா முழுவதையும் தழுவிய இரண்டாம் பெருநூல், கயானா உழைப்பாளர் பற்றிய இறுதி நூல் ஆகிய மூன்றையும் அவருடைய வாழ்க்கைப் போக்கோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. ஆவணம் பேசாத இடத்தில் வரலாற்றாசிரியர் என்ன செய்ய வேண்டும் என்னும் வினாவே மூன்றிலும் தொடர்கிறது என்பதும், அவ்வினாவிற்கு முதிர்ந்த விடை இறுதி நூலிலேயே கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வால்டர் ரோட்னி, காலனியம், அடிமை வணிகம், ஒப்பந்தக் கூலிமுறை, கயானா, வரலாற்றெழுதியல்.

முன்னுரை

1980ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இரவு, தென்னமெரிக்காவின் வடகரையில் அமைந்த கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில், ஒரு மகிழுந்துக்குள் குண்டு வெடித்து வால்டர் ரோட்னி உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 38. மூன்று கண்டங்களில் கற்பித்தவர். ஆப்பிரிக்க வரலாறு கற்பிக்கப்படும் பல்கலைக்கழகங்களிலெல்லாம் அறியப்பட்டவர். ஆயினும் அவருடைய இறப்புச் சான்றிதழில் தொழில் என்பதற்கு எதிரே, வேலையற்றவர் என்றே எழுதப்பட்டது.

அப்பதிவு பொய்யன்று. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை இல்லை என்பது உண்மையே. ஏன் இல்லை, யார் தடுத்தார்கள், வேலையில்லாத ஆறாண்டுகளில் அவர் செய்த பணி யாது என்பனவற்றை அச்சான்றிதழ் கூறவில்லை. அரசு ஆவணம் ஒன்று உண்மையைச் சொல்லிக்கொண்டே உண்மையை மறைக்க இயலும் என்பதற்கு இது தக்க சான்று. இத்தகைய ஆவணங்களைப் படித்து, அவை விட்டுச்சென்ற இடங்களை நிரப்புவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தவர் ரோட்னி. எனவே அவருடைய வரலாற்றை அச்சான்றிதழிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

இளமையும் கல்வியும்

ரோட்னி 1942 மார்ச் 23ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். அந்நாடு அப்போது பிரிட்டிஷ் கயானா என்ற பெயரில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது. தந்தை தையல் தொழிலாளி. மக்கள் முற்போக்குக் கட்சியின் ஆதரவாளர். 1953இல் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடந்த முதல் தேர்தலில், சேதி ஜகனும் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் இணைந்து நடத்திய அக்கட்சி வென்றது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரையும் நகரங்களிலும் கிராமங்களிலும் வாழ்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் ஒரே அணியில் கொணர்ந்த வெற்றி அது. 133 நாள்களில் ஆங்கிலேய அரசு படைகளை அனுப்பி அந்த ஆட்சியைக் கலைத்து, அரசியலமைப்பையும் நிறுத்தி வைத்தது. பின்னர் கட்சி பிளவுபட்டது. பிளவு நாளடைவில் இனப்பிளவாக இறுகியது. கட்சித் துண்டறிக்கைகளை வீடுவீடாகக் கொண்டு சேர்த்த சிறுவனாக ரோட்னி இவற்றைக் கண்டார். ஒன்றுபட்ட உழைப்பாளர் ஏன் பிரிந்தனர் என்ற வினா அவருடைய இறுதி நூல் வரை உடன் வந்தது.

உதவித்தொகை பெற்று ஜார்ஜ்டவுன் குயின்ஸ் கல்லூரியில் பயின்ற அவர், 1960இல் மற்றொரு உதவித்தொகையுடன் ஜமைக்காவின் மோனா வளாகத்தில் இருந்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, 1963இல் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். அங்கிருந்து லண்டன் சென்று, கீழைத்தேய ஆப்பிரிக்கவியல் ஆய்வுப் பள்ளியில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். ஹெய்ட்டி புரட்சியின் வரலாற்றாசிரியரான சி.எல்.ஆர். ஜேம்ஸ் லண்டனில் நடத்திய படிப்பு வட்டத்திலும் பங்குகொண்டார். பகலில் ஆவணங்களோடும் மாலையில் அரசியல் விவாதங்களோடும் கழிந்த அந்த ஆண்டுகளே பின்னாளைய ரோட்னியை உருவாக்கின எனலாம்.

மேல் கினியா: பகைவரின் ஏடுகளில் தேடல்

ரோட்னி ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பகுதி, மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றிலிருந்து மவுண்ட் முனை வரை நீளும் மேல் கினியாக் கடற்கரை. காலம், 1545 முதல் 1800 வரை. அப்பகுதி மக்கள் எழுதிவைத்த ஆவணங்கள் அரியவை. அங்கு முதலில் வந்து வணிகம் செய்தவர்கள் போர்த்துக்கீசியர். ஆதலால் ரோட்னி போர்த்துக்கீசிய மொழியையும் ஸ்பானிய மொழியையும் கற்று, லிஸ்பன், ரோம் உள்ளிட்ட நகரங்களின் ஆவணக்காப்பகங்களில் தேடினார். அடிமைகளை விலைக்கு வாங்கியவர்களின் ஏடுகளிலிருந்து, விற்கப்பட்டவர்களின் வரலாற்றை எழுத வேண்டியிருந்தது.

1966இல், 24ஆம் வயதில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே ஆப்பிரிக்க வரலாற்று ஆய்விதழ் ஒன்றில் அவர் வெளியிட்ட கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் அடிமைமுறை பரவியிருந்தது, ஐரோப்பியர் இருந்த சந்தையில் வாங்கியவர்கள் மட்டுமே என்பது அக்காலத்தில் வலுவாக நிலவிய கருத்து. மேல் கினியாவைப் பொறுத்தவரை இக்கருத்தை ரோட்னி மறுத்தார். தொடக்ககாலப் போர்த்துக்கீசியப் பதிவுகளில் உள்ளூர் அடிமை வகுப்பொன்று பெருமளவில் இருந்ததற்கான செய்தி இல்லை. அடிமைகளைத் தேடியே வந்தவர்கள், கண்முன் அத்தகைய வகுப்பு இருந்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பார்களா என்பது அவர் வாதம். பிற்காலப் பதிவுகளில் அத்தகைய வகுப்பு தெளிவாகத் தென்படுகிறது. ஆகவே அடிமைமுறை அட்லாண்டிக் வணிகத்தின் காரணமன்று; பெருமளவில் அதன் விளைவு என்று அவர் முடிவு கண்டார்.

இங்கு வாதத்தின் அமைப்பு கவனத்திற்குரியது. ஆவணத்தில் உள்ளதைப் போலவே இல்லாததும் சான்றாகிறது. ஆனால் எல்லா மௌனமும் சான்றாகாது. எழுதுவதற்கு நலனும் வாய்ப்பும் இருந்தும் எழுதாதவர்களின் மௌனமே சான்றாகும். இந்த நுட்பத்தை உணர்ந்தே ரோட்னி வாதிட்டார். மேற்கு ஆப்பிரிக்க வரலாற்றறிஞர் ஜான் ஃபேஜ் 1969இல் மறுப்பு எழுதினார். ஒரு கடற்கரைப் பகுதியின் நிலையை மேற்கு ஆப்பிரிக்கா முழுமைக்கும் பொதுமையாக்க இயலாது என்ற வகையில் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. எனினும் ஆப்பிரிக்க அடிமைமுறை காலந்தோறும் மாறிய ஒன்று, அதற்கும் வரலாறு உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வாளர் புறக்கணிக்க முடியாதவாறு செய்தது அக்கட்டுரை.

ஆய்வேடு 1970இல் ஆக்ஸ்போர்டு கிளாரண்டன் அச்சகத்தின் வழி நூலாயிற்று. ஐரோப்பியரைக் குற்றஞ்சாட்டும் நூலாக மட்டும் இதைக் கருதுவது தவறு. கடற்கரையில் குடியேறி உள்ளூர் மக்களோடு கலந்த போர்த்துக்கீசிய வணிகர், அவர்தம் கலப்பினச் சந்ததியார், ஆதாயம் கருதி அவர்களோடு கூட்டுச் சேர்ந்த ஆப்பிரிக்கத் தலைவர் ஆகிய அனைவரையும் நூல் காட்டுகிறது. விற்றவரும் விற்கப்பட்டவரும் ஒரே நிறத்தினராக இருக்க இயலும் என்பதை ரோட்னி மறைக்கவில்லை. நிறம் ஒன்றே உறவைத் தீர்மானிப்பதில்லை என்ற இத்தெளிவு, பின்னாளில் தம் சொந்த நாட்டின் ஆட்சியாளரை அளவிடும்போது அவருக்குப் பயன்பட்டது.

கிங்ஸ்டன், 1968: வகுப்பறைக்கு வெளியே

1966இல் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் சிறிது காலம் கற்பித்த ரோட்னி, 1968 சனவரியில் ஜமைக்காவுக்குத் திரும்பித் தாம் பயின்ற மோனா வளாகத்திலேயே ஆப்பிரிக்க வரலாற்று விரிவுரையாளரானார். தலைநகர் கிங்ஸ்டனின் சேரிகளில் வாழ்ந்த இளைஞரும் ராஸ்தஃபாரி சமயத்தினரும் ஆப்பிரிக்காவையே தம் தாயகமாகக் கருதினர். ஆனால் அதன் வரலாற்றை அறிய அவர்களுக்கு வழி இல்லை. ரோட்னி அவர்களிடையே சென்றார். குப்பைமேட்டருகிலும் தெருவோரத்திலும் அமர்ந்து, பண்டைய ஆப்பிரிக்க அரசுகள் பற்றியும் அடிமை வணிகம் பற்றியும் பேசினார். அவர்கள் கூறியதைக் கேட்டார். சமமாக அமர்ந்து பேசிக் கற்கும் முறை அது.

ஜமைக்க அரசு இதை வரலாற்றுப் பாடமாகக் கருதவில்லை. 1968 அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடைபெற்ற கறுப்பின எழுத்தாளர் மாநாட்டில் கலந்துகொண்டு, 15ஆம் நாள் திரும்பிய அவரை விமானத்திலிருந்து இறங்கவிடாமல் பிரதமர் ஹியூ ஷியரரின் அரசு தடுத்தது. மறுநாள் மாணவர் ஊர்வலம் சென்றனர். நகரின் ஏழைமக்களும் சேர்ந்தனர். கலவரம் மூண்டு சிலர் உயிரிழந்தனர். ஒரு விரிவுரையாளருக்கு நுழைவு மறுக்கப்பட்டதற்காக ஒரு தலைநகரம் கொந்தளித்தது. அவருடைய உரைகளை லண்டனில் வாழ்ந்த கயானாவினரான ஜெசிக்கா ஹன்ட்லியும் எரிக் ஹன்ட்லியும் தொகுத்து 1969இல் சிறுநூலாக வெளியிட்டனர். அவர்களுடைய போகிள் லூவெர்ச்சூர் பதிப்பகம் அதனோடு தொடங்கியது.

இந்நிகழ்ச்சி ரோட்னியின் ஆய்வு வாழ்வில் ஒரு திருப்பம். முதல் நூலின் வாசகர் வரலாற்றறிஞர். இனி எழுதப்போகும் நூலின் வாசகர் யார் என்ற வினா கிங்ஸ்டனின் தெருக்களிலேயே எழுந்துவிட்டது.

தார் எஸ் சலாம்: இரண்டாம் நூலின் ஆற்றலும் எல்லையும்

1969 முதல் 1974 வரை ரோட்னி மீண்டும் தார் எஸ் சலாமில் பணிபுரிந்தார். ஜூலியஸ் நைரேரே 1967இல் வெளியிட்ட அருஷா அறிக்கைக்குப் பின் தான்சானியா சோசலிசப் பாதையை அறிவித்திருந்தது. மொசாம்பிக் விடுதலை இயக்கத்தின் தலைமையகமும் அந்நகரிலேயே இருந்தது. ஆப்பிரிக்கப் பார்வையில் ஆப்பிரிக்க வரலாற்றை எழுதும் முயற்சி, டெரன்ஸ் ரேஞ்சர் உருவாக்கிய வரலாற்றுத் துறையில் நடந்துவந்தது. விடுதலை பெற்ற நாட்டின் அரசை எவ்வாறு மதிப்பிடுவது என்ற விவாதம் வளாகத்தில் ஓயவில்லை. ரோட்னி நைரேரேயின் முயற்சியை மதித்தார். ஆயினும் கண்மூடி ஏற்கவில்லை. 1969 இறுதியில் இளைஞர் கருத்தரங்கொன்றில் அவர் ஆற்றிய உரையை ஆளுங்கட்சி நாளேடு தலையங்கம் எழுதிக் கண்டித்தது.

இச்சூழலில் உருவானதே, ஐரோப்பா ஆப்பிரிக்காவை எவ்வாறு பின்தங்கச் செய்தது என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்ட நூல். 1972இல் ஹன்ட்லி இணையரின் பதிப்பகமும் தான்சானியப் பதிப்பகம் ஒன்றும் சேர்ந்து இதை வெளியிட்டன. அடிக்குறிப்புகளின் சுமையின்றி, பல்கலைக்கழகத்திற்கு வெளியே உள்ளவர் படிக்குமாறு எழுதப்பட்டது. பின்தங்கல் என்பது வளர்ச்சி தொடங்காத நிலையன்று, உறவொன்றின் விளைவு என்பது நூலின் அடிப்படை. இலத்தீன் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வளர்த்த சார்புநிலைக் கோட்பாட்டின் செல்வாக்கு இதில் உண்டு. ஆனால் ரோட்னி அதை ஐந்து நூற்றாண்டு ஆப்பிரிக்க வரலாற்றில் பொருத்திக் காட்டினார். பதினைந்தாம் நூற்றாண்டுவரை ஆப்பிரிக்கச் சமூகங்கள் தத்தம் போக்கில் வளர்ந்த முறை, அடிமை வணிகம் இளைஞரின் உழைப்பைப் பறித்த விதம், காலனிய ஆட்சியில் கோகோவும் நிலக்கடலையும் போன்ற ஒற்றைப் பயிர்கள் வேரூன்றியமை, யூனிலீவர் போன்ற நிறுவனங்கள் அவ்வணிகத்தில் வளர்ந்தமை ஆகியன வரிசையாக ஆராயப்படுகின்றன. காலனிய ஆட்சி இருப்புப்பாதை போட்டதே என்பவர்க்கு, அப்பாதை எங்கிருந்து எங்குச் சென்றது என்பதை நூல் சுட்டுகிறது. சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திற்குச் சென்ற பாதைகள், ஓர் ஆப்பிரிக்கப் பகுதியை மற்றோர் ஆப்பிரிக்கப் பகுதியோடு இணைக்கவில்லை.

நூலின் ஆற்றல் இவ்வகைத் தெளிவில் உள்ளது. அதன் குறைகளையும் மறைத்தலாகாது. கண்டம் முழுவதையும் ஒரே நூலில் அடக்கியதால், பகுதிக்குப் பகுதி வேறுபட்ட வரலாறுகள் ஒரே வார்ப்பில் அமைந்துவிட்டன. முதல் நூலில் விரிவாகக் காட்டப்பெற்ற ஆப்பிரிக்கத் தலைவர், வணிகர் ஆகியோரின் சொந்த முடிவுகள் இங்குப் பின்னணிக்குச் சென்றன. கணக்கெடுப்பு நடைபெறாத நூற்றாண்டுகளின் மக்கள்தொகைக்கு அவர் கையாண்ட மதிப்பீடுகள் உறுதியான அடிப்படை அற்றவை. மௌனம் எப்போது சான்றாகும் என்று முதல் நூலில் எச்சரிக்கையோடு வினவியவர், இந்நூலில் அந்த எச்சரிக்கையைச் சில இடங்களில் தளர்த்தினார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. விரைந்து கூற வேண்டிய செய்தி ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை இது.

ஆயினும் வண்ணத்தால் மட்டும் உலகைப் பிரிக்கும் நோக்கை அவர் இக்காலத்திலும் ஏற்கவில்லை. 1974 ஜூனில் தார் எஸ் சலாமில் ஆறாவது அனைத்து ஆப்பிரிக்க மாநாடு கூடியபோது அதற்கென அவர் எழுதிய கட்டுரை, விடுதலைக்குப்பின் ஆட்சிக்கு வந்த ஆப்பிரிக்க, கரீபிய வகுப்பினரின் நலன்கள் உழைக்கும் மக்களின் நலன்களோடு முரண்படுவதைச் சுட்டியது. அரசுகளின் மாநாட்டில் அரசுகளையே விசாரணைக்கு உட்படுத்திய கட்டுரை அது.

கயானா: பணியின்றிப் பணி

1974இல் கயானா பல்கலைக்கழகம் ரோட்னியை வரலாற்றுப் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அவர் குடும்பத்தோடு தாயகம் திரும்பினார். ஆனால் ஆளுங்கட்சியின் செல்வாக்கிற்கு உட்பட்ட பல்கலைக்கழக ஆட்சிக்குழு அப்பணியமர்த்தத்தை இரத்துச் செய்தது. பர்ன்ஹாம் அரசு வெளியுலகில் ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களுக்கு ஆதரவு தந்த அரசு. நிறவெறியை எதிர்த்த அரசு. அதே அரசு ஆப்பிரிக்க வரலாற்றறிஞர் ஒருவர்க்குச் சொந்த நாட்டில் வகுப்பறையை மறுத்தது.

வெளிநாடுகளில் பணி வாய்ப்புகள் இருந்தும் ரோட்னி கயானாவிலேயே தங்கினார். அவ்வப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உரையாற்றிப் பொருளீட்டினார். உழைக்கும் மக்கள் கூட்டணி என்ற அமைப்பில் இணைந்து, ஆப்பிரிக்க, இந்திய வம்சாவளியினர் இருவரையும் ஒருங்கிணைக்க முயன்றார். எஞ்சிய நேரத்தில் ஜார்ஜ்டவுன் ஆவணக்காப்பகத்தில் அமர்ந்தார். அங்கு உருவானதே, 1881 முதல் 1905 வரையிலான கயானா உழைப்பாளரின் வரலாறு.

அந்நூல் மண்ணிலிருந்து தொடங்குகிறது. கயானாவின் கடற்கரை நிலம், கடல் பொங்கும்போது நீர்மட்டத்திற்குக் கீழே அமைவது. அணையும் கால்வாயும் இன்றி அங்குக் கரும்பு விளையாது. ஒரு சதுர மைல் கரும்பு நிலத்திற்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் உயர்மட்டக் கால்வாயும் தேவைப்பட்டன என்று 1948இல் அமைந்த வென் சர்க்கரை ஆணையம் கணக்கிட்டது. இவற்றை அமைக்கப் பத்துக் கோடி டன் மண்ணாவது அகற்றப்பட்டிருக்க வேண்டும். இக்கணக்கை எடுத்துக்கொண்ட ரோட்னி, அந்த மண்ணை அள்ளியவர் யார் என்று கேட்டார். ஆப்பிரிக்க அடிமைகள், மண்வெட்டியோடு நீரில் நின்று அள்ளினர். பொறியியல் அறிக்கையின் ஓர் எண், உழைப்பாளரின் வரலாறாக மாறுகிறது. ஆவணத்தின் மௌனத்தைப் படிக்கும் கலை இங்கு முழுமை பெறுகிறது.

தமிழ் ஆய்வாளர்க்கு இந்நூல் நெருக்கமானது. 1838இல் அடிமைமுறை முற்றாக ஒழிந்த பின், முன்னாள் அடிமைகள் பணம் திரட்டிக் கைவிடப்பட்ட தோட்டங்களை வாங்கிக் கிராமங்கள் அமைத்தனர். 1839இல் 83 பேர் சேர்ந்து நார்த்புரூக் தோட்டத்தை வாங்கி, விக்டோரியா என்ற ஊராக்கினர். அவர்களின் கூலி பேரத்தை முறியடிக்கத் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் அங்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து சென்ற வடஇந்தியர். சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். இன்றும் கயானாவில் மதராசி என்ற சொல் ஒரு சமூகத்தாரையும் அவர்தம் வழிபாட்டு மரபையும் குறிக்கிறது.

இவ்விரு உழைப்பாளர் கூட்டங்களுக்கும் இடையே எழுந்த பகையை, பண்பாட்டு வேற்றுமையின் இயல்பான விளைவு எனக் கருதுவோர் பலர். ரோட்னி அப்பகையின் இருப்பை மறுக்கவில்லை. அதன் தோற்றுவாயைக் கூலி ஏட்டிலும் அரசின் வரவுசெலவுக் கணக்கிலும் தேடினார். வந்தேறிகளை அழைத்துவரும் செலவில் ஒரு பகுதி பொதுவருவாயிலிருந்து, அதாவது கிராமத்து ஆப்பிரிக்கரும் செலுத்திய வரியிலிருந்து சென்றது. தம் கூலியைக் குறைப்பதற்குத் தாமே வரி செலுத்தும் நிலை ஒரு சாராருக்கு. ஒப்பந்தச் சட்டத்தால் தோட்டத்தோடு பிணிக்கப்பட்டு, வேலைக்கு வராமை குற்றமாகிச் சிறை செல்லும் நிலை மறுசாராருக்கு. இந்தியத் தொழிலாளி பணிந்து போகிறவர் என்ற முதலாளிகளின் சித்திரத்தையும் அவர் ஏற்கவில்லை. தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தங்களையும், 1896இல் நான் பாரைல் தோட்டத்தில் காவலர் சுட்டு ஐந்து தொழிலாளர் மாண்டதையும் அரசு ஏடுகளே பதிவு செய்துள்ளன. 1905 இறுதியில் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் தொடங்கி நகரெங்கும் பரவிய வேலைநிறுத்தத்தோடும் கலவரத்தோடும் நூல் நிறைவடைகிறது.

முதல் நூலின் சான்று நுட்பமும் இரண்டாம் நூலின் பரந்த நோக்கும் இந்நூலில் இணைகின்றன. முதலாளிகளும் ஆளுநர்களும் எழுதிய ஏடுகளே இங்கும் மூலங்கள். ஆனால் எந்த இடத்திலும் கருத்து சான்றை முந்திச் செல்வதில்லை. இன ஒற்றுமை வேண்டும் என்று மேடையில் பேசியவர், நூலில் ஒற்றுமை இருந்ததாகப் புனையவில்லை. அது ஏன் கைகூடவில்லை என்பதையே ஆராய்ந்தார். ஆவணங்களுக்கு அண்மையில் இருந்தபோதே அவருடைய வரலாற்றெழுத்து மிகச் சிறந்து விளங்கியது என்பதற்கு முதல் நூலும் இறுதி நூலும் சான்றாகின்றன. சிறுவர்க்கென அவர் எழுதிய இரு கதைநூல்களும் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஃபி பாடு என்பவனைப் பற்றியது. மற்றொன்று இந்தியாவிலிருந்து வந்த லட்சுமி என்பவளைப் பற்றியது. ஒருவர் வந்த கதையை மற்றவர் அறிய வேண்டும் என்பது நோக்கம்.

இறுதி நாள்கள்

1978இல் அரசியலமைப்பை மாற்ற நடந்த பொதுவாக்கெடுப்பைத் தொடர்ந்து பர்ன்ஹாம் அரசுக்கு எதிர்ப்பு வலுத்தது. 1979 ஜூலை 11ஆம் நாள் ஆளுங்கட்சி அலுவலகமும் அமைச்சகம் ஒன்றும் இயங்கிய கட்டடம் தீக்கிரையாயிற்று. ரோட்னியும் தோழர் சிலரும் தீவைப்புக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதாயினர். மூன்றாம் நாள் நடந்த ஆர்ப்பாட்டத்தில், ஒளிப்படம் எடுத்துக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு பெர்னார்ட் டார்க் குத்திக் கொல்லப்பட்டார். பிணையில் இருந்த ரோட்னி, பயணத்தடையை மீறி 1980 ஏப்ரலில் சிம்பாப்வேயின் விடுதலை விழாவிற்குச் சென்று திரும்பினார். ஆப்பிரிக்காவுக்கு அவர் சென்ற இறுதிப் பயணம் அது.

ஜூன் 13ஆம் நாள் அவருடைய சகோதரர் டொனால்டு, கயானாப் படையில் பணியாற்றிய மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த கிரெகரி ஸ்மித்திடமிருந்து கையடக்கக் கம்பியில்லாப் பேசுகருவி ஒன்றைப் பெற்றுவந்தார். அதனுள் குண்டு இருந்தது. மகிழுந்தில் அமர்ந்திருந்த ரோட்னியின் மடியில் அது வெடித்தது. டொனால்டு காயத்தோடு தப்பினார். ஸ்மித் பிரெஞ்சு கயானாவுக்குச் சென்றுவிட்டார். 2002இல் அங்கேயே இறந்தார். 1988இல் நடந்த மரண விசாரணை, இது விபத்து அல்லது தற்செயல் நிகழ்வு என்று முடித்தது.

உழைப்பாளர் வரலாறு 1981இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகத்தால் வெளியிடப்பட்டது. 1982இல் அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் ஆல்பர்ட் பெவரிட்ஜ் விருதைப் பெற்றது. வேலையற்றவராகப் பதிவு செய்யப்பட்டவர் வேலையற்றிருந்த காலத்தில் எழுதிய நூல் அது.

முடிவுரை

ரோட்னியின் மறைவுக்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2016இல், கயானா அரசு அமைத்த விசாரணை ஆணையம் அறிக்கை அளித்தது. ஸ்மித் தனித்துச் செயல்படவில்லை. படை, காவல்துறை ஆகியவற்றின் துணை இருந்தது. அன்றைய பிரதமர் பர்ன்ஹாமின் அறிவின்றி இக்கொலை நிகழ்ந்திருக்க இயலாது என்பது அதன் முடிவு. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அம்முடிவுகளை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. இறப்புச் சான்றிதழில் வேலையற்றவர் என்ற சொல்லை நீக்கிப் பேராசிரியர் என்று திருத்துவதாகவும் அவ்வாண்டு அறிவிக்கப்பட்டது. கயானாவின் தேசிய ஆவணக்காப்பகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இத்திருத்தங்கள் வரவேற்கத்தக்கவை. எனினும் வரலாற்றாய்வாளர் திருத்தப்பட்ட சான்றிதழோடு பழைய சான்றிதழையும் காத்துவைத்தல் வேண்டும். பேராசிரியர் என்ற சொல் அவருக்குரிய மதிப்பை மீட்டுத் தருகிறது; வேலையற்றவர் என்ற சொல்லோ ஓர் அரசு தன் அறிஞரை எவ்வாறு நடத்தியது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே உண்மை முழுமை பெறும். எழுதியவர் யார், எழுதாமல் விட்டது எது, விட்டதனால் நலம் பெற்றவர் யார் என்ற மூன்று வினாக்களோடு ஓர் ஏட்டை அணுகும் முறையை ரோட்னியின் மூன்று நூல்களும் கற்பிக்கின்றன. கயானாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைப் பெரும்பாலும் கப்பல் பதிவேட்டிலும் துரைமார் எழுதிய அறிக்கையிலுமே தேட வேண்டியுள்ள தமிழ் ஆய்வாளர்க்கு, அம்மூன்று வினாக்களும் இன்றியமையாதவை.